கிளிக்கும் நொச்சிக்கும் இடம்: வன்னி நகர வளவை உயிர்கள் தங்கும்படி அமைப்பது எப்படி

கிளிநொச்சி என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பறவை, ஒரு செடி. முல்லைத்தீவில் ஒரு கொடி. ஏ9 வீதியில் தெற்கே இறங்கினால் மாங்குளம், புளியங்குளம். வவுனியா நகரைச் சுற்றி வேப்பங்குளம், கூமாங்குளம். மன்னார்ப் பக்கம் இலுப்பைக்கடவை. கிளிநொச்சியில் பேருந்துக்கு நிற்கிற ஒரு சந்திக்கே கரடிப்போக்கு என்றுதான் பெயர். கரடியைத் திரும்ப அழைக்க வேண்டாம், சரி. மற்றவற்றில் பாதியையாவது கால் ஏக்கர் வளவுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

வன்னியில் காடு இவ்வளவு இருக்கும்போது வீட்டுத் தோட்டத்தில் குருவிக்கும் வண்டுக்கும் எதற்கு இடம் என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சி நகரில் காணியைத் திருத்தியபோது முதல் வேலையாக டோசர் பிடித்து வேர்வரைக்கும் வழித்தேன். எருக்கு, ஆவரசு, நாயுண்ணி, இரண்டு புற்று, ஒரு பட்ட பனை எல்லாம் ஒரே பகலில் போயின. காணி பார்க்க அழகாக இருந்தது. அந்த வருடம் வைத்த கத்தரி பூத்தது, பூ கொட்டியது, காய் சொற்பம். வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் கத்தரிப் பூவுக்கு ஒரு குணம் இருக்கிறது. அதன் மகரந்தப் பையில் நுனியில் மட்டும்தான் சின்னத் துளை. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிற வண்டு வந்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். தக்காளிக்கும் அப்படித்தான். அந்த வேலையைச் செய்கிற கருவண்டு பட்ட மரத்தில் துளைபோட்டு வாழ்கிறது; நீல வரி போட்ட சின்னத் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டி வாழ்கிறது. நான் இரண்டு வீட்டையும் டோசரில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

இந்த வழிகாட்டி புதிதாக வளவு திருத்துகிறவர்களுக்கு. பூச்செடிப் பட்டியலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். எதை நடுவது என்பதைவிட எதை வழிக்காமல் விடுவது, வேலியை எப்படிப் போடுவது என்பவைதான் பெரிய முடிவுகள்.

முதலில்: ஒரு மாரி முழுக்கப் பாருங்கள்

காணி கைக்கு வந்ததும் மண்வெட்டி எடுக்காதீர்கள். ஒரு கொப்பி எடுங்கள். காலை ஆறரைக்கும் மாலை ஆறுக்கும் வளவைச் சுற்றி நடந்து, இருப்பதை எழுதுங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே தென்மேற்குச் சோளகக் காற்று நேராக அடிக்கிறது, எந்த மூலையில் புலுனிக் குருவிக் கூட்டம் சருகைக் கிளறுகிறது. மழை தொடங்கினால் விதை எல்லாம் தானாக முளைக்கும். முதல் மாரியில் வளவில் என்ன வருகிறது என்று பார்த்தாலே நடவேண்டியதில் பாதி குறையும். வேம்பு, நாவல், விளா, புளி என்று பறவையும் வௌவாலும் மனிதரும் போட்ட விதைகள் அங்கே கிடக்கும். தானாக முளைத்த கன்று, வாங்கி வைத்த கன்றைவிடக் கோடையைத் தாங்கும். அதன் ஆணிவேர் பைக்குள் சுருண்டதில்லை.

இந்தச் சுற்றில் மூன்றைக் குறித்துவையுங்கள்: பட்ட மரம், புற்று, வெறும் மண் தெரிகிற வெயில் இடம். பார்வைக்கு மூன்றும் உதவாதவை. வன்னியில் தலையில்லாத பனைகள் நிறைய நின்றன. ஷெல் அடித்து வட்டுப் போனவை அவை. பார்க்க மனது கேட்காது என்று பலர் விழுத்தினார்கள், அது புரிகிறது. ஆனால் கிளியும் மைனாவும் பனங்காடையும் குஞ்சு பொரிப்பது அப்படிப்பட்ட பொந்துகளில்தான். வீட்டின் மேலோ வழியின் மேலோ விழாத தூரத்தில் நின்றால் விட்டுவிடுங்கள். உயிருள்ள பனையைத் தறிக்கப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வன்னிக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை. குழி தோண்டும்போது இனம்தெரியாத இரும்பு, துருப்பிடித்த டப்பா, வயர் எதுவும் தென்பட்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். அந்த இடத்தை அடையாளப்படுத்திவிட்டு விலகி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடித்த பகுதி என்றாலும் இந்தப் பழக்கம் இருக்கட்டும்.

பாம்புக் கேள்வி

உயிர்களுக்கு இடம்விடச் சொன்னால் முதல் பதில் "பாம்பு வருமே" என்பதுதான். நியாயமான பயம். புடையனும் நாகமும் விரியனும் இருக்கிற ஊர் இது. சருகை வீட்டுச் சுவரோடு குவிக்கச் சொல்கிற எவரையும் நம்பாதீர்கள்.

இதற்குத்தான் வளவை மூன்றாகப் பிரிக்கவேண்டும். பழைய வளவுகளில் முற்றம், கிணற்றடி, கோடி (வீட்டின் பின்புறம்) என்று ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன. வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடி சுத்தமாக இருக்கட்டும். கூட்டுங்கள், புல்லை ஒட்ட வெட்டுங்கள், விறகை அடுக்காதீர்கள், ஓட்டையும் கல்லையும் குவிக்காதீர்கள். கோழிக்கூட்டையும் நெல் மூட்டையையும் படுக்கையறைச் சுவரோடு வைக்காதீர்கள். எலி வரும் இடத்துக்குத்தான் பாம்பு வரும். அடுத்த வளையம் பயிர், பழமரம், கிணற்றடி வாழை. நீங்கள் தினமும் நடக்கிற இடம் என்பதால் வழி மட்டும் துப்புரவாக இருந்தால் போதும். கடைசி வளையம் வேலியோரமும் கோடியும். அங்கே கை வைக்காதீர்கள். சருகு, பட்ட கொம்பு, புற்று எல்லாம் அங்கே.

நாலு பரப்புக் காணியில், அதாவது கால் ஏக்கரில், இந்தக் கடைசி வளையத்துக்கு ஒரு பரப்பு ஒதுக்க முடிந்தால் நிறைய. முடியாவிட்டால் வேலியோரம் ஆறடி அகலப் பட்டை போதும்.

இரவில் முற்றத்துக்கு இறங்கினாலும் ரோச் லைற் கையில் இருக்கவேண்டும், தரையில் படுக்காமல் கட்டிலில் படுக்கவேண்டும், கடித்தால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இவை தோட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டியவை. சாரையைக் கண்டால் அடிக்காதீர்கள். எலிக்கு அதைவிட நல்ல மருந்து கடையில் இல்லை.

வேலி: இங்கேதான் அதிகம் யோசிக்கவேண்டும்

ஒரு நகர வளவில் உயிர்கள் தங்குமா, தாண்டிப் போய்விடுமா என்பதை எல்லை தீர்மானிக்கிறது. கால் ஏக்கர் காணியின் சுற்றளவு ஏறத்தாழ 400 அடி. அதில் சீமெந்துக் கல் மதில் எழுப்பினால் 400 அடி வெறும் சூடு. துளிர்க்கும் கொப்புகளை ஊன்றிக் கதியால் வேலி போட்டால் 400 அடி நீளக் காடு. அகலம் குறைவாக இருக்கலாம், ஆனால் இலை, பூ, காய், நிழல், கூடு கட்டக் கொப்பு எல்லாம் உண்டு. ஒரு தெருவில் பத்து வீட்டு வேலி தொடுத்து நின்றால் தையல்காரக் குருவிக்கும் ஓணானுக்கும் அது ஒரு பாதை. வெட்டவெளியில் இறங்காமலே குளத்துக்கட்டு வரைக்கும் போய்விடும்.

கதியால் போடத் தெரியாதவர்களுக்கு முறை இதுதான். ஐப்பசியில் மழை பிடித்து மண் ஒரு அடி ஆழத்துக்கு நனைந்த பிறகு தொடங்குங்கள். மணிக்கட்டுத் தடிப்பில், ஐந்தாறு அடி நீளத்தில் முற்றிய கொப்புகளைச் சரிவாக வெட்டுங்கள். கிளுவை என்றால் வெட்டியவுடன் நடாமல் இரண்டு மூன்று நாள் நிழலில் சாத்தி வையுங்கள், வெட்டுவாய் காயட்டும். அடி எது நுனி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்ட கதியால்களை நானே பார்த்திருக்கிறேன், நட்டவர் பெயர் வேண்டாம். அலவாங்கால் ஒன்றரை அடி குழி போட்டு இறக்கி, மண்ணை இறுக்கி மிதியுங்கள். நுனியில் ஒரு உருண்டை சாணி அப்பினால் காயாது. ஒரு அடிக்கு ஒன்று நெருக்கமான வேலி. குறுக்கே மட்டை கட்டினால் ஆடு புகாது. தை பிறக்குமுன் துளிர்க்காததைப் பிடுங்கிப் பதில் வையுங்கள்.

எதை நடுவது? ஒரே மரத்தால் வேலி முழுவதையும் அடைக்காதீர்கள். இது முக்கியம். இப்போது எல்லோரும் சீமைக்கிளுவை ஒன்றையே வைக்கிறார்கள். சுலபமாகப் பிடிக்கும், இலை நல்ல பசளை, இளஞ்சிவப்புப் பூவுக்குக் கருவண்டு வரும். குறை சொல்ல மனமில்லை, ஆனால் அது கடல்தாண்டி வந்த மரம். நம் ஊர்ப் புழுக்களில் அதைத் தின்னத் தெரிந்தவை குறைவு. மூன்றில் ஒரு பங்கு அதற்குக் கொடுங்கள். மிச்சத்தில் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஒதி, வாதராணி கலக்கட்டும். கிளுவை கோடையில் இலை கொட்டி எலும்பாக நிற்கும், செத்ததென்று பிடுங்காதீர்கள். முள்முருக்குச் சிவந்து பூத்தால் தேன்சிட்டு, மைனா, காகம் எல்லாம் ஒரே மரத்தில் சண்டை பிடிக்கும். அதுபோக, வீட்டில் கலியாணம் வந்தால் கன்னிக்காலுக்குக் கொப்புத் தேடி ஊரெல்லாம் அலையத் தேவையில்லை.

கதியால்களுக்கு இடையில் அடியிலிருந்து அடர்த்தியாக வர நொச்சியும் ஆடாதோடையும் வையுங்கள். நொச்சி கொப்பு ஊன்றினாலே பிடிக்கும். அதன் ஊதாப் பூக்கதிரில் தேனீக்கள் மொய்க்கும். தடிமனுக்கு வேது பிடிக்க இலை கையெட்டும் தூரத்தில். கிளிநொச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு நொச்சி இல்லாத வேலிகள்தான் நகரில் அதிகம் என்பது எனக்கு ஒரு சின்னக் கோபம். பிறகு கொடிகள்: கொவ்வை, தூதுவளை, மொசுமொசுக்கை, முல்லை. கொவ்வைப் பழம் சிவந்தால் கிளி வருமா என்று கேட்காதீர்கள், கொண்டைக்குருவி அதற்கு முதல் வந்துவிடும். கார்த்திகைப்பூவும் ஏறட்டும், கிழங்கு கொடிய நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வேலியின் வெளிப்பக்கம் தள்ளிவையுங்கள்.

வேலி வெட்டும்போது வருடத்துக்குப் பாதி. இந்த வருடம் வடக்கும் மேற்கும், அடுத்த வருடம் தெற்கும் கிழக்கும். ஒரே நாளில் நாலு பக்கமும் மொட்டையடித்தால் கூடு கட்டியது எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். கூடு இருக்கிறதா என்று ஒருதரம் கொப்பை விலக்கிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மதில் ஏற்கெனவே கட்டியாயிற்றா? இடிக்கச் சொல்லவில்லை. அடியில் இருபது அடிக்கு ஒன்றாகச் சாண் அகலத் துவாரம் விடுங்கள். மாரி வெள்ளம் வடிய எப்படியும் வேண்டும். தவளையும் அரணையும் கீரியும் அதனால் போய்வரும். அந்த வழியாகப் பாம்பு வராதா என்றால், படலை வழியாகவும் வரும். மதிலின் உட்புறம் மூன்றடி விட்டு நொச்சியும் கொடியும் வைத்தால் கல்லின் சூடும் வீட்டுக்குள் வராது.

மரம்: ஒன்று பெரிது, இரண்டு மூன்று நடுத்தரம்

கார்த்திகையில் மரநடுகைக்கு ஊர் முழுக்கக் கன்று கொடுப்பார்கள். வாங்கி வந்து கண்ட இடத்தில் நடுவதைவிட, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கடதாசியில் கீறிப் பாருங்கள். பெரிய மரத்துக்கு வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 30 அடியாவது வேண்டும். மேலே மின்கம்பி இருக்கக்கூடாது. ஆலும் அரசும் வேண்டாம். பறவைக்கு அவற்றைப்போல் சாப்பாடு போடுகிற மரம் இல்லைதான், ஆனால் வேர் கிணற்றையும் மதிலையும் பிளக்கும். அவை குளக்கட்டுக்கும் கோயில் வீதிக்கும் உரியவை.

என் தேர்வு நாவல். விரைவாக வளரும், வண்டல் மண்ணோ செம்மண்ணோ இரண்டிலும் நிற்கும். காய்க்கும் காலத்தில் குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி, இரவில் வௌவால். முற்றம் ஊதாவாகும் என்பதால் கோடியில் வையுங்கள், காரைக் கீழே நிறுத்தாதீர்கள். பொறுமையுள்ளவர்களுக்கு இலுப்பை. இரவில் பூக்கும் அதன் தேனுக்கு வௌவால் வரும், விடிய மரத்தடியில் பூ விரித்திருக்கும். இன்னும் பொறுமை வேண்டுமென்றால் பாலை. மெதுவாகத்தான் ஏறும், உங்கள் பேரப்பிள்ளைகள் பால் ஒட்டிய உதட்டோடு பழம் தின்பார்கள். கரடிப்போக்கின் பழைய ஆட்களுக்கும் மிகப் பிடித்த பழம் அது.

பெரிய மரத்தின் கீழே நடுத்தர உயரம் காலியாக விடப்படுவதுதான் நகர வளவுகளில் நான் பார்க்கிற பிழை. மேலே மா, கீழே புல், நடுவில் ஒன்றுமில்லை. பல குருவிகள் வாழ்வது எட்டடிக்கும் பதினைந்தடிக்கும் இடையில். தேசி, மாதுளை, அன்னமுன்னா, கொய்யா, அகத்தி, முருங்கை, வில்வம், கொன்றை என்று அந்த இடத்தை நிரப்புங்கள். படிப்படியாக உயரம் ஏறட்டும்: தரை, செடி, சிறுமரம், பெருமரம்.

குரங்கு. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கூரையிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் எந்தக் கொப்பும் நீளாமல் வெட்டுங்கள், சாப்பாட்டுக் கழிவைத் திறந்து போடாதீர்கள், ஒருநாளும் கையால் கொடுக்காதீர்கள். மாங்காயில் பாதி போகும் என்று கணக்கில் எழுதிவையுங்கள்.

நாற்று வாங்கப் போகும்போது கண்ணை மயக்குவது அடுக்குச் செவ்வரத்தை. இதழ் மேல் இதழாக இருக்கும் பூவில் தேனும் மகரந்தமும் குறைவு, இருந்தாலும் வண்டுக்கு எட்டாது. பழைய ஐந்திதழ்ச் சிவப்புச் செவ்வரத்தை ஒரு கொப்பு அயலில் கேட்டால் சும்மா தருவார்கள். தேன்சிட்டு அதற்குத்தான் வரும். முற்றத்தில் மலேசியன் புல் விரிக்க ஆசையா? கோடையில் அதற்குக் கொடுக்கிற தண்ணீரில் பத்துக் கன்று தப்பும். அவ்வளவுதான் சொல்வேன்.

முதல் கோடையைத் தாண்டவைப்பது

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் மண்ணை உறிஞ்சும். கார்த்திகையில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை சாவது நட்ட பிழையால் அல்ல, ஆடியில் மறந்துபோவதால். கன்றைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் பாத்தி கட்டி, உள்ளே தேங்காய்ப் பொச்சை அடுக்கி, மேலே சருகு நாலு விரல் தடிப்பில் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கறையான் ஏறும். அடியில் சின்னத் துளை போட்டுத் திரி சொருகிய மண்முட்டியைப் பக்கத்தில் புதைத்து, கிழமைக்கு இரண்டு தரம் நிரப்பினால் ஒரு சொட்டும் வீணாகாது. மேற்கே ஒரு கிடுகு சாத்தினால் இன்னும் நல்லது.

இலையில் ஓட்டை விழட்டும்

புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவர்களுக்கு இது கடினமான பாடம். கறிவேப்பிலையிலும் தேசியிலும் காக்காய் எச்சம் போல ஒரு புழு இருக்கும். வளர்ந்தால் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். அதுதான் பிறகு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியாக முற்றத்தில் பறக்கிறது. வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் நடக்காது. குருவிக்கும் அப்படித்தான். பழமும் தானியமும் தின்கிற குருவிகளிலும் பல, குஞ்சுக்கு ஊட்டுவது புழுவை. மருந்தடித்த வளவில் கூடு கட்டினாலும் குஞ்சு பசியால் வாடும்.

ஆகவே சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை, புழுவுக்கு ஒரு கறிவேப்பிலை. எருக்கை ஒரு மூலையில் விடுங்கள்; செம்மஞ்சளில் கறுப்பு விளிம்பிட்ட வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்னும். ஆவரசும் கொன்றையும் இருந்தால் வெளிர்மஞ்சள் பூச்சிகள். கொடித்தோடைக்குக் கருவண்டு வராவிட்டால் காயே பிடிக்காது என்பதால் பழத்துக்காகவாவது பட்ட கதியால் நாலைந்தை விட்டுவையுங்கள். கிலுகிலுப்பை காய்ந்து நின்றால் பிடுங்கவேண்டாம். நீலப்புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சிகள் அந்தக் காய்ந்த செடியில் கொத்தாகத் தொங்கும். நான் முதல் தரம் பார்த்தபோது யாரோ கடதாசி கிழித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

குப்பை கொளுத்தும் பழக்கம்

விட்டுவிடுங்கள். விடிய எழும்பிக் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பது நமக்கு ஒரு சடங்கு மாதிரி. வேம்புச் சருகு, மாவிலை, வாழைச் சருகு எல்லாம் கோடிக்குப் போகட்டும். அதற்குள் பூரான், மண்புழு, வண்டுப் புழு வாழும், அவற்றைத் தேடிப் புலுனி வரும். ஈரமும் இருட்டும் உள்ள சருகில் மின்மினியின் புழு நத்தையைத் தின்று வளரும். அந்த இருட்டும் முக்கியம். இரவெல்லாம் எரிகிற வெள்ளை விளக்கைப் படலையில் மாட்டினால் மின்மினி இணை தேடாது, விட்டில் விளக்கடியில் செத்துக் கிடக்கும். ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு வாங்குங்கள், மஞ்சள் ஒளியில்.

வளவு முழுவதும் சருகால் மூடவும் வேண்டாம், கல் பதிக்கவும் வேண்டாம். வெயில் படுகிற வெறும் மண் ஒரு பாய் அளவுக்காவது இருக்கட்டும். தனித்து வாழும் தேனீக்கள் அங்கேதான் தோண்டும்.

தண்ணீர்

கோடையில் நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பொருள் ஒரு சட்டித் தண்ணீர். இரண்டு மூன்று விரல் ஆழம், நடுவே ஒரு கல், பக்கத்தில் ஏறிக்கொள்ள ஒரு கொப்பு. பூனை பதுங்க முடியாதபடி செடியிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள்.

டெங்கு நினைவிருக்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, சட்டியின் உட்சுவரைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவவேண்டும். நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் விளிம்பில் ஈரச் சுவரில். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். வெறுமனே மாற்றி ஊற்றினால் போதாது. இதை நான் படித்தது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து வாயிலில் நின்றபோது. சின்னக் குளம் வெட்டுகிறவர்கள் மீன் விடாமல் தொடங்கவே வேண்டாம். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், தவளையும் தவறி விழுந்த ஓணானும் ஏறி வர.

பிடுங்கவேண்டியவை

வளர்வதையெல்லாம் விடச் சொல்லவில்லை. பார்த்தீனியம் இலங்கையில் முதலில் பதிவானது 1999இல், நம் வவுனியாவில். கரட் இலை போன்ற இலை, வெள்ளைச் சிறு பூ. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், பக்கத்தில் எதையும் வளரவிடாது, தோலில் பட்டால் கடியும் மூக்கில் ஏறினால் இழுப்பும் வரும். கையுறை போட்டு, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். மணலும் பசளையும் ஏற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டியோடு அது வரும், ஆகவே புதிதாகக் கொட்டிய மண்ணை முதல் மழைக்குப் பிறகு கவனியுங்கள். நாயுண்ணிக்கு வண்ணத்துப்பூச்சி வருகிறதே என்று கேட்பீர்கள். வரும். பழத்தைக் குருவி கொண்டுபோய்க் காட்டில் போடும், அங்கே அது புதராகி மற்றதை நெருக்கும். இப்பில் இப்பில் மரம், சீமை உடை மரம் இரண்டையும் வேலிக்குக்கூட வைக்கவேண்டாம்.

சின்னக் காணியில் என்ன கிடைக்கும்?

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற விலங்கியலாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் 1972 முதல் 2001 வரை, முப்பது வருடம், கண்டதையெல்லாம் எண்ணி எழுதினார். மொத்தம் 2,673 வகை. அதில் ஏறத்தாழ இரண்டாயிரம் பூச்சிகள். தோட்டத்தின் அளவு 741 சதுர மீற்றர், அதாவது நம் கணக்கில் மூன்று பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. வீதியும் வீடுகளும் சூழ்ந்த, மரக்கறியும் பூவும் புல்லும் இருந்த சாதாரணத் தோட்டம். குளிர்நாட்டுக் கணக்கை இங்கே அப்படியே வைக்க முடியாது. ஆனால் நாலு பரப்பு போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அயலவரோடு பேசுங்கள். உங்கள் நாவலும் அவர்களின் வேம்பும் அடுத்த வீட்டு இலுப்பையும் மூன்று வேறு மரங்களாக இருந்தால் தெரு முழுக்கும் ஒரே தோட்டம். எல்லோரும் மாவே வைத்தால் மாங்காய்க் காலத்தில் விருந்து, மற்ற மாதங்களில் பட்டினி.

ஐப்பசியில் ஒரு விருந்தாளி

கோடிச் சருகைத் தொடாமல் இரண்டு வருடம் விட்டபிறகு ஒரு ஐப்பசி மாலையில், பொழுது படுகிற நேரம், இரண்டு தட்டுத் தட்டாக ஒரு விசில் கேட்டது. ஆறுமணிக் குருவி. இந்தியாவிலிருந்து மாரிக்கு இங்கே வருகிற பறவை, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக நிலத்தில் தத்தித் திரிந்து சருகுக்குள் புழு தேடும். காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் அந்தப் பெயர்.

வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் நகர வீடுகளின் விறாந்தையிலும் கண்ணாடி யன்னலடியிலும் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் சோறோ தண்ணீரோ வாய்க்குள் ஊற்றாதீர்கள். துளை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் ஒரு துணி விரித்து மெதுவாக வைத்து, மூடி, பிள்ளைகளும் பூனையும் எட்டாத இருட்டறையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பிறகு கோடிச் சருகின் ஓரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போய்விடுங்கள். நாள் முழுக்கக் கழிந்தும் எழும்பாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எழும்பிப் போனால் கொப்பியில் திகதியை எழுதுங்கள். அடுத்த வருடமும் ஏறத்தாழ அந்தக் கிழமையில் காது கொடுத்திருக்கலாம்.